வேலை ஒன்றும் தானமாக வந்த மாடு இல்லை

திருப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். வயது 26. ஆடை வடிவமைப்பில் பட்டம் முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசராக (பையரின், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின், ஆர்டரை சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை) இருக்கிறார், சம்பளம் 19,500. இடம் மாறலாம் என்று இரண்டு இன்டர்வியூ போனார், இரண்டும் கிடைக்கவில்லை. முதல் இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றபோது “ஒண்ணும் இல்லைங்க சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதனால்தான் வேலை போச்சு என்று தோழி சொல்லவும், அடுத்த இன்டர்வியூவுக்கு யூடியூபில் பார்த்து பத்துக் கேள்வியை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார். முதல் கேள்வி, “உங்கள் நிறுவனத்தின் ஐந்தாண்டு விஷன் என்ன சார்?” முதலாளி சிரித்துவிட்டு, “ஏனுங்க அம்மணி, அடுத்த மாச ஆர்டருக்கே விஷன் இல்லைங்க, அஞ்சு வருசத்துக்கு நான் எங்க போறது?” என்றாராம். மீதி ஒன்பதும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இப்போது மூன்றாவது இன்டர்வியூ, வருகிற புதன்கிழமை. பெரிய கம்பெனி, மெர்ச்சண்டைசர் பதவி, வேலை ஆறரை மணி வரைக்கும், “32,000 வரைக்கும் தருவோம்” என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். கூடவே இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்று ஒரு பாண்டு, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகள், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் ஒன்று, இவையும் தர வேண்டுமாம். போனில் பேசிய எச்ஆர் “கல்யாணம் எப்போ?” என்றும் கேட்டிருக்கிறார். வீட்டில் அப்பா, “தானமா வர்ற மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது, குடுக்கறதை வாங்கிக்கிட்டு வேலையைப் பாரு” என்கிறார். என்ன கேட்பது, எதைக் கேட்டால் திமிர் என்று நினைப்பார்கள், நோட்டு கொண்டு போகலாமா, பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்கிறார்களே அது நிஜமா? இதுதான் கடிதம்.

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். “ஒண்ணும் இல்லைங்க” என்று சொன்னதற்காக உங்கள் வேலை போயிருக்காது. பதினெட்டு வருடம் நூற்பாலை, பின்னலாடை கம்பெனிகளில் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வார்த்தைக்காக யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பெரும்பாலும் வேறு ஏதாவது இருக்கும்: சம்பளம் ஒத்துவந்திருக்காது, அல்லது உள்ளே இருக்கிற யாருக்காவது அந்த இடத்தை ஏற்கெனவே மனதில் வைத்துவிட்டு ஒப்புக்கு நாலு பேரைக் கூப்பிட்டிருப்பார்கள் (இது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கும்). ஆனால் அன்று நீங்கள் இழந்தது ஒன்று உண்டு. அந்தக் கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிடைத்த பத்து நிமிடம். கேள்வி கேட்டு அவர்களை அசத்த வேண்டும் என்று தோழி சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டதால்தான் இரண்டாவது இடத்தில் விஷன் வரைக்கும் போய்விட்டீர்கள். அங்கே நாளைக்குக் காலை எட்டரை மணியிலிருந்து உட்காரப்போவது நீங்கள். உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதைக் கேளுங்கள்.

சரி, அப்பா சொன்ன பழமொழி. பழமொழியில் தப்பில்லை, அதை வைத்த இடம்தான் தப்பு. தானமாக வந்த மாட்டுக்கு அது பொருந்தும். இங்கே நீங்கள் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கொடுக்கிறீர்கள், பையர் மெயிலுக்கு ராத்திரி பதில் போடுகிறீர்கள், மூன்று வருட அனுபவத்தையும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். இதில் தானம் எங்கே வந்தது? அப்பாவே சந்தையில் காசு கொடுத்து மாடு வாங்கினால் எத்தனை ஈத்து, வேளைக்கு எத்தனை லிட்டர், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்காமல் கயிற்றைக் கையில் வாங்குவாரா?

‘உண்டா’ என்று கேட்காதீர்கள், ‘கடைசியா எப்போ’ என்று கேளுங்கள்

நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயம்தான். “இங்கே வளர்ச்சி உண்டுங்களா?”, “டீம் எல்லாம் நல்லா இருக்குமா?”, “வேலை நேரம் சரியா இருக்குமா?” என்று கேட்டால் உலகத்தில் எந்தக் கம்பெனியும் உண்டு, நல்லா இருக்கும், சரியா இருக்கும் என்றுதான் சொல்லும். பொய் என்றுகூட இல்லை, அவர்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள். நடந்துபோன ஒரு சம்பவத்தைக் கேட்டால் அப்படி வழுக்க முடியாது. “உங்க மெர்ச்சண்டைசர்கள்ல கடைசியா சீனியர் ஆனவர் யாருங்க, எத்தனை வருசத்துல ஆனாங்க?” என்று கேளுங்கள். ஒரு ஆளைச் சொன்னால் வளர்ச்சி இருக்கிறது. மேலே பார்த்து யோசித்தால், இல்லை.

உங்கள் தொழிலுக்கே வருகிறேன். மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்காருபவரின் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். லேப் டிப் (துணிக்குப் போடும் சாயத்தின் மாதிரி) அப்ரூவல் ஒரு வாரம் தள்ளிப்போகும், டையிங்கில் ஷேடு மாறும், பிபி சாம்பிளில் (தயாரிப்பு தொடங்கும் முன் காட்டும் மாதிரி) பையர் காலரை மாற்றச் சொல்வார். கடைசியில் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு ஏரில், அதாவது விமானத்தில், போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும், திட்டு உங்கள் தலையில் விழும். அதனால் இப்படிக் கேளுங்கள்: “போன சீசன்ல ஏர்ல போன ஷிப்மென்ட் இருந்துச்சுங்களா? எதனால லேட் ஆச்சு?” இது நான் கண்ட நல்ல கேள்விகளில் ஒன்று. பதிலில் முக்கால்வாசிக் கம்பெனி வெளியே வந்துவிடும். “ஃபேப்ரிக் லேட், அதுக்கப்புறம் டையிங்காரரை மாத்திட்டோம்” என்று சொல்கிறவர் பிரச்சினையைப் பார்க்கிறவர். “அந்தப் பொண்ணு சரியா ஃபாலோ பண்ணலை” என்று ஆரம்பித்தால், அடுத்த சீசனில் அந்தப் பொண்ணு நீங்கள்.

அதேபோல, ஒரு மெர்ச்சண்டைசர் கையில் இப்போது எத்தனை பையர், சீசனுக்கு எத்தனை ஸ்டைல்? சாம்பிள் ரூம் உங்கள் கட்டிடத்திலேயே இருக்கிறதா? டையிங் சொந்த யூனிட்டா, ஜாப் ஒர்க்கா? வெளியே கொடுக்கிறார்கள் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு சாயப்பட்டறை வாசலில் போய் நிற்பது யார், ஃபேப்ரிக் டிபார்ட்மென்ட்டா மெர்ச்சண்டைசரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இதையெல்லாம் கேட்கிற பெண்ணைப் பார்த்து யாரும் திமிர் என்று சொல்ல மாட்டார்கள், வேலை தெரிந்தவள் என்றுதான் நினைப்பார்கள். திமிர் என்று தோன்றுவது வேறு. வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், வேலை என்னவென்றே பேசுவதற்கு முன்னால் லீவு எத்தனை என்று கேட்பது அப்படித் தோன்றும். அவர்கள் பத்து நிமிடம் சொல்லி முடித்ததையே மறுபடி கேட்பதும் அப்படித்தான், காது கொடுக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது, கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஒன்று: “இந்த இடத்துல எனக்கு முன்னாடி இருந்தவங்க எங்க போனாங்க?” புதிதாக உருவாக்கிய இடம் என்றால் பரவாயில்லை. உள்ளேயே வேறு பையருக்கு மாறிவிட்டார் என்றால் ரொம்ப நல்லது. ஒரே வருடத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் ஏன் என்று மெதுவாகத் தோண்டுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்காமல் ஒரு மில்லில் சேர்ந்தேன். முதல் நாள் மேஜை டிராயரைத் திறந்தால் நாலு வெவ்வேறு பெயரில் விசிட்டிங் கார்டு கட்டு. எல்லாவற்றிலும் என் பதவி அச்சடித்திருந்தது. ஐந்தாவது கட்டு எட்டு மாதத்தில் என் பெயரில் அதே டிராயருக்குப் போனது.

இரண்டாவது: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஊரே ஆடிப்போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “அந்த சமயத்துல நம்ம கம்பெனி என்ன பண்ணுச்சுங்க? அமெரிக்க பையர் எவ்வளவு பங்கு, இப்ப ஐரோப்பா பக்கம் திருப்பியிருக்கீங்களா, யாரையாவது நிறுத்த வேண்டி வந்துச்சா?” இரண்டாவது இடத்தில் அந்த முதலாளியிடம் நீங்கள் கேட்ட ஐந்தாண்டு விஷன் இதற்குள்தான் இருக்கிறது. விஷன் என்றால் சிரிப்பார், வரி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார்.

எந்த ஆளிடம் எந்தக் கேள்வி

எச்ஆரிடம் டையிங்கைப் பற்றிக் கேட்டால் அவருக்குத் தெரியாது, சங்கடப்படுவார். முதலாளியிடம் பிஎஃப் கேட்டால் “அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கங்க” என்பார். வேலையைப் பற்றி மெர்ச்சண்டைசிங் மேனேஜரிடம், ஆர்டர் நிலவரம் முதலாளியிடம், பணமும் விதிகளும் எச்ஆரிடம். ஒரே கேள்வியை மட்டும் இரண்டு பேரிடம் வேண்டுமென்றே கேளுங்கள்: “நான் சேர்ந்து மூணு மாசத்துல என்ன முடிச்சிருந்தா நல்லா பண்றேன்னு சொல்வீங்க?” இருவரும் ஏறக்குறைய ஒன்றைச் சொன்னால் நிம்மதி. மேனேஜர் “பழைய பையரை நல்லாப் பார்த்துக்கிட்டா போதும்” என்று சொல்லி, முதலாளி “புது பையர் ரெண்டு கொண்டு வரணும்” என்று சொன்னால், அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டப்போவது நீங்கள்தான்.

நோட்டு கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பத்து வேண்டாம், ஐந்து எழுதிக்கொள்ளுங்கள். பேச்சிலேயே பதில் வந்துவிட்டால் அடித்துவிடுங்கள். கடைசியில் ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் “ஏர் ஷிப்மென்ட் பத்திக் கேக்கலாம்னு இருந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க” என்றால் போதும்.

32,000 என்றால் கையில் எவ்வளவு

“வரைக்கும்” என்ற சொல்லை நம்பி வீட்டில் கணக்குப் போடாதீர்கள். “நீங்க சொல்றது சிடிசியா, கிராஸா, கையில வர்றதா?” இதை எச்ஆரிடம் கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம், ஆனால் வேலை பற்றிய பேச்சு முடிந்த பிறகு. சிடிசி என்றால் உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, கிராஸ் என்றால் பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம். 32,000 என்பது சிடிசி என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப்பை 15,000 உச்சவரம்பில் பிடித்தால் உங்கள் பங்கு 12 சதவீதம் 1,800, கம்பெனி பங்கு இன்னொரு 1,800, அதுவும் அந்த 32,000-க்குள்ளேயே காட்டப்பட்டிருக்கும். கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் போட்டிருந்தால், அடிப்படை 16,000 என்றால் சுமார் 770. ஆகக் கையில் வருவது ஏறக்குறைய 27,600. நல்ல உயர்வுதான், ஆனால் 32,000 இல்லை.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. இப்போது 19,500 வாங்குவதால் நீங்கள் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள், அதாவது 21,000-க்குள், இருக்கிறீர்கள். உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அந்த மருத்துவ வசதி உண்டு. 32,000-க்குப் போனால் அது இல்லாமல் போகலாம். எனவே “குரூப் இன்சூரன்ஸ் இருக்குங்களா, பெற்றோரையும் சேர்க்கலாமா, எவ்வளவு தொகைக்கு?” என்பது உங்களுக்கு மிக முக்கியமான கேள்வி. இல்லை என்று சொன்னால், வெளியே பாலிசி எடுக்க ஆகும் செலவை அந்த 27,600-இல் கழித்துக்கொண்டு யோசியுங்கள். தீபாவளி போனஸும் அப்படித்தான். 21,000-க்குள் இருக்கும்வரை சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் உங்களுக்கு வர வேண்டும். அதற்கு மேலே போனால் கம்பெனி மனசு. “போன தீபாவளிக்கு ஸ்டாஃபுக்கு எவ்வளவு குடுத்தீங்க?” பார்த்தீர்களா, இதுவும் நடந்ததைக் கேட்பதுதான்.

பாண்டு, செக், சர்ட்டிஃபிகேட்

பாண்டு கோர்ட்டில் நிற்காது என்பது பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பிக் கையெழுத்துப் போடுவது ஆபத்து. வேலையை விட்டுப் போன பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்று தடுக்கும் நிபந்தனை 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. இத்தனை காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்பது வேறு ரகம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆள் எடுக்கப் பெரிய நடைமுறையும் செலவும் இருக்கிற பொதுத்துறை வங்கி என்பதையும் அதில் கணக்கில் எடுத்தார்கள். உங்கள் கம்பெனிக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம், எழுதி வைத்த தொகை முழுசும் தானாகக் கிடைத்துவிடாது. ஆனாலும் வக்கீல் நோட்டீஸ் வந்தால் அலைச்சல் உங்களுக்குத்தானே.

ஆகவே இதையும் கேள்வியாகவே வையுங்கள். “இந்த ரெண்டு வருசத்துல என்ன ட்ரெயினிங் தருவீங்க, அதுக்கு என்ன செலவாகுது, நடுவுல போனா மாசக் கணக்குல தொகை குறையுமா, நீங்களே என்னை நிறுத்தினா பாண்டு என்ன ஆகும்?” கடைசிக் கேள்விக்கு எச்ஆர் எப்படி முழிக்கிறார் என்று பாருங்கள். பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள், தர மாட்டோம் என்றால் அதுவே பதில்.

தொகை எழுதாத செக் மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. கையெழுத்து இருந்தால் தொகையை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், பவுன்ஸ் ஆனால் செக்குகளுக்கான நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கும் வழி இருக்கிறது, கடன் எதுவும் இல்லை என்று நிரூபிக்கிற சுமையும் உங்கள் மேல்தான் விழும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை உங்கள் கண்முன்னாலேயே சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். அதைப் பூட்டி வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை தரும் சட்டம் எதுவும் இல்லை. “எல்லாரும் குடுத்துட்டாங்க” என்பார்கள். “ஜெராக்ஸ்ல அட்டஸ்ட் பண்ணித் தர்றேங்க, ஒரிஜினலை எப்ப வேணா கொண்டுவந்து காட்டறேன்” என்று சிரித்த முகத்தோடு திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மீதிப் பாதியிடம் சேராமல் இருப்பது நல்லது. அப்புறம், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எந்தத் தேதியில் தருவீர்கள் என்று கேளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது கட்டாயம்.

கல்யாணம் எப்போ?

இதைக் கேட்பதையே தடுக்கும் நேரடிச் சட்டம் நம்மிடம் இல்லை. பெண் என்பதற்காக வேலை மறுப்பதுதான் சட்டப்படி தவறு, அதை நிரூபிப்பதும் லேசில்லை. கோபம் வருவது நியாயம், ஆனால் அங்கே சண்டை போட்டால் லாபம் இல்லை. கேட்பவரின் பயம் என்ன? ட்ரெயினிங் கொடுத்த பிறகு போய்விடுவீர்களோ என்பது. “இப்போதைக்கு அப்படி எதுவும் முடிவாகலைங்க, வேலையைத் தொடர்றதுதான் என் எண்ணம்” என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் திருப்பிக் கேளுங்கள்: “கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து வேலை பார்க்கிற மெர்ச்சண்டைசர்கள் இங்க இருக்காங்களா?” இரண்டு பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு என்பதும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் சட்டம், அவர்கள் தயவு இல்லை. முதல் சந்திப்பில் அதை நேராகக் கேட்டால் இன்னமும் சில எச்ஆர்கள் முகம் மாறும் என்பதால்தான் இந்தச் சுற்று வழியைச் சொல்கிறேன். ஆஃபர் கைக்கு வந்த பிறகு நேராகவே கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒன்று: “எப்ப முடிவு சொல்வீங்க, இல்லைன்னா நான் யாருக்குப் போன் பண்ணலாம்?” இதைக் கேட்காமல் வந்துவிட்டுத்தான் பல பேர் இரண்டு வாரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை வாய் திறக்காமலே கேட்கலாம். வேலை ஆறரை மணி வரைக்கும் என்று போனில் சொன்னார்கள் அல்லவா. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரைக்கு அந்தக் கம்பெனி பக்கம் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். ஆபீஸ் மாடியில் எத்தனை ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது, ஸ்டாஃப் ஷெட்டில் எத்தனை ஸ்கூட்டி நிற்கிறது என்று எண்ணுங்கள். வண்டியை அப்பாவையே ஓட்டச் சொல்லுங்கள், பல்லைப் பிடித்துப் பார்க்க அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.